அசரியா பேராயரும் எடின்பரோ உரையும்: நினைவுகூரலில் ஒரு குறை

வேதநாயகம் சாமுவேல் அசரியா (17 ஆகஸ்ட் 1874 – 1 ஜனவரி 1945) ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். பொது அறிவுப் போட்டிகளில் இந்த ஒரு வரி கேள்வியாக வருவதுண்டு. இதற்கு மேல் அவரைப் பற்றி அறிந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இன்னும் ஒரே ஒரு செய்தியைச் சொல்வார்கள்: 1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளை மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே ‘எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்’ என்ற பொருளில் அவர் பேசிய உரை. நினைவு மலர்களும் திருச்சபை இதழ்களின் சிறப்புக் கட்டுரைகளும் ஆண்டுதோறும் இந்த இரண்டையும்தான் திரும்பச் சொல்கின்றன.

இரண்டுமே உண்மை, இரண்டுமே பெருமைக்குரியவை. ஆனால் இரண்டும் ஐரோப்பியர் அசரியாவுக்கு என்ன கொடுத்தார்கள், அசரியா ஐரோப்பியரிடம் என்ன கேட்டார் என்பதைப் பற்றியவை. அவர் வாழ்வின் கடைசி முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்ததோ தெலுங்கு நாட்டுக் கிராமங்களில். அங்கே அவரே வெளியூர்க்காரர், அவரே அதிகாரம் உள்ளவர். எடின்பரோவில் மற்றவர்களிடம் அவர் கேட்ட கேள்வி அங்கே அவரிடமே திரும்பி வந்தது. அதற்கு அவர் என்ன பதில் வைத்திருந்தார் என்று பார்க்காமல் அவரை மதிப்பிட முடியாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

வெள்ளாளன்விளை முதல் எடின்பரோ வரை

அசரியா அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் (இன்று தூத்துக்குடி மாவட்டம்) வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் இந்துக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர், கிராமக் குருவானவர். தாயார் எல்லன் நெடுங்காலம் வேண்டிப் பெற்ற ஆண்பிள்ளை என்பதால் வேதாகமத்து அன்னாளின் மகன் பெயரான சாமுவேல் என்பதை வைத்தார்கள். தந்தை 1889-ல் மறைந்தார். மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்துவிட்டுச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். பட்டம் பெறாமலே வெளியேறினார். பிற்காலத்தில், 1920-ல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது.

1895 முதல் 1909 வரை ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்தியா முழுவதும் சுற்றினார். இந்தக் காலத்தில் நடந்த ஒரு பயணம் முக்கியமானது. 1902-ல் அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்கே அமெரிக்க மிஷன் சபையைச் சேர்ந்த தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள், தாங்களே காசு சேர்த்துத் தங்கள் ஆட்களையே வெளியூர்களுக்கு ஊழியத்துக்கு அனுப்பி வந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பியவருக்கு ஒரு வெட்கம் ஏற்பட்டது. மக்கள் தொகையில் யாழ்ப்பாணத்துச் சபையைவிட எவ்வளவோ பெரிய திருநெல்வேலிச் சபை இன்னும் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்த்தே உட்கார்ந்திருக்கிறதே என்பதுதான் அது. அடுத்த ஆண்டு, 1903 பிப்ரவரி 12-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் (ஐ.எம்.எஸ்.) தொடங்கப்பட்டது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் அடிப்படை. 1905 கிறிஸ்துமஸ் நாளில் வங்காளத்தின் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானபோதும் அவர் முன்னணியில் நின்றார். கூட இருந்தவர்களில் ஒருவர் அவர் நண்பர் கே.டி. பால்.

ஐ.எம்.எஸ். தன் களமாகத் தேர்ந்தெடுத்தது நிஜாம் ஆட்சிக்கு உட்பட்டிருந்த தோர்னக்கல் பகுதியை. நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குக் கிளைப் பாதை பிரிகிற ரயில் சந்திப்பு அது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் மொழி வழங்காத நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். பிறரை அனுப்பிக்கொண்டே தான் வீட்டில் இருப்பது சரியில்லை என்று அசரியாவுக்குப் பட்டது. 1909-ல் குருப்பட்டம் பெற்று, முப்பத்தைந்து வயதில், தெலுங்கு எழுத்தை முதலிலிருந்து கற்றுக்கொண்டு தோர்னக்கல்லில் குடியேறினார். எடின்பரோவுக்குப் போனவர் இந்தக் குருவானவர். அவர் கையில் இருந்தது ஓராண்டுத் தெலுங்கு.

உரையில் இருந்ததும் உரையாக நினைவில் நிற்பதும்

எடின்பரோ மாநாட்டில் சுமார் 1200 பிரதிநிதிகள். ஆசியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் நடுவே, வெளிநாட்டு ஊழியரும் உள்நாட்டு ஊழியரும் சேர்ந்து பணி செய்வது பற்றி அசரியா பேசினார். மிஷனெரிகளின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. நன்றியோடு ஒப்புக்கொண்டுவிட்டு, பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், இன்னும் கொடுக்காதது நட்பு ஒன்றுதான் என்றார்.

நினைவில் நிற்பது இந்த முடிவுப் பகுதி. கூட்டத்தைச் சங்கடப்படுத்தியது இதற்கு முந்தைய பகுதி. கைகுலுக்குவது, உட்கார நாற்காலி போடுவது, வீட்டுக்கு வந்தவரின் வீட்டுக்குத் திரும்பப் போய் வருவது, சேர்ந்து சாப்பிடுவது ஆகிய சின்ன விஷயங்களை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். இவை தம்மளவில் பெரிதல்ல, நட்பின் அடையாளமாக வந்தால் மட்டுமே மதிப்புடையவை என்றும் சேர்த்துக்கொண்டார். நம் ஊரில் வீட்டுக்கு வந்தவருக்கு நாற்காலி போடுகிறார்களா, திண்ணையோடு நிறுத்துகிறார்களா என்பதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். திருநெல்வேலிச் சீமையில் நாடார் சமூகத்திலிருந்து வந்த குருவானவரின் மகனுக்கு இது புத்தகத்தில் படித்த அறிவு அல்ல.

இந்த உரையைத் தேசிய எழுச்சியின் முன்னறிவிப்பாகப் படிப்பவர்கள் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் உரையை வெள்ளையர், இந்தியர் என்ற எல்லையோடு நிறுத்திவிட்டால் அது நமக்கு மிக வசதியான உரையாகிவிடுகிறது. குற்றவாளி எப்போதும் எதிர்ப்பக்கத்தில் இருப்பான். அதிகாரமும் பணமும் உள்ளவன் அவை இல்லாதவனோடு நட்பாக இருக்க முடியுமா என்ற கேள்வியாக அதைப் படித்தால், திருநெல்வேலிக்காரரும் தப்ப முடியாது. அசரியாவும் தப்ப முடியாது.

‘முதல்’ என்ற சொல்

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். வயது 38. சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட் இதற்காக நெடுநாள் வாதாட வேண்டியிருந்தது. எதிர்ப்பு ஐரோப்பியரிடமிருந்து மட்டும் வரவில்லை, இந்தியக் கிறிஸ்தவர்களிலும் எதிர்த்தவர்கள் உண்டு. ஓர் இந்தியருக்குக் கீழே வெள்ளை மிஷனெரிகள் பணி செய்வார்களா என்பது பேசப்பட்ட, பேசப்படாத இரண்டு வகையிலும் பெரிய கேள்வியாக இருந்தது. தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்த திருமண்டலம் சிறியது. கிருஷ்ணா, கோதாவரிப் பகுதிகளின் தெலுங்குச் சபைகள் பின்னர்தான் அவர் பொறுப்பில் வந்தன. அவற்றோடு சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. மிஷனெரிகளும் வந்தார்கள்.

‘முதல் இந்தியப் பேராயர்’ என்று எழுதுகிறவர்கள் அடுத்த வரியையும் எழுத வேண்டும். 1912 முதல் 1945-ல் அவர் இறக்கும்வரை, ஆங்கிலிக்கன் திருச்சபையில் ஒரு திருமண்டலத்தைத் தன் பொறுப்பில் வைத்திருந்த இந்தியர் அவர் ஒருவரே. முப்பத்திரண்டு ஆண்டுகளில் இரண்டாமவர் வரவில்லை. முதலாமவரைப் பாராட்டும் மேடைகளில் இது சொல்லப்படுவதில்லை. ஒருவரை உயர்த்திவிட்டு, அந்த ஒருவரையே சான்றாகக் காட்டிக் கதவைச் சாத்தி வைக்கும் வழக்கம் திருச்சபைக்கு மட்டும் உரியதல்ல என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

தோர்னக்கல்

அசரியாவின் திருமண்டலத்துக்குள் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற இரண்டு தீண்டப்படாத சாதிகளைச் சேர்ந்தவர்கள். மாலாக்கள் பெரும்பாலும் வயல் கூலிகள். மாதிகாக்கள் தோல் வேலை செய்தவர்கள். ஊர் இருவரையும் ஒதுக்கி வைத்திருந்தது. அவர்களும் ஒருவரையொருவர் ஒதுக்கினார்கள். சேர்ந்து உண்ண மாட்டார்கள். மாலாக்கள் சபையில் சேர்ந்த ஊரில் மாதிகாக்கள் சேரத் தயங்குவதும், மாதிகாக்கள் முந்திக்கொண்ட ஊரில் மாலாக்கள் விலகி நிற்பதும் நடந்தன. தனியாட்களாக அன்றிக் குடும்பம் குடும்பமாக, சேரி சேரியாக மக்கள் வந்தார்கள். அசரியாவின் கடைசி ஆண்டுகளில் அந்தத் திருமண்டலத்தின் கிறிஸ்தவர் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

இந்த எண்ணிக்கையை வெற்றியாகக் கொண்டாடும் எழுத்துகளையும், சூழ்ச்சியாகக் கண்டிக்கும் எழுத்துகளையும் ஒதுக்கிவிட்டு, இத்தனை பேரைக் கொண்டு அவர் என்ன செய்ய முயன்றார் என்று பார்ப்பது பயனுள்ளது. அவருடைய முதல் நம்பிக்கை கிராம ஆசிரியர். அந்த ஆசிரியர் பகலில் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிப்பார். பெரியவர்கள் வேலை முடிந்து வந்த பிறகு, இருட்டில், அவர்களுக்கு வேதக் கதையும் ஜெபமும் சொல்லிக் கொடுப்பார். சண்டை வந்தால் தீர்க்கவும், அதிகாரிக்கு மனு எழுதவும் அவரே. அவர்களில் பலர் அதே சாதிகளிலிருந்து வந்து, கொஞ்சம் படித்துக்கொண்டவர்கள். (ஓராசிரியர் பள்ளியைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் படம் புதிதல்ல. சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்கக்கூடாது.) இந்த ஆசிரியர்களிலிருந்து குருமார்களைத் தேர்ந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியக் குருமார் அவர் காலத்தில் அத்திருமண்டலத்தில் பணியாற்றினார்கள். அவர் எழுதிய நூல்களில் பெரும்பகுதி, இவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட எளிய பாடநூல்கள். இறையியல் அறிஞர்கள் அவற்றைப் பொருட்படுத்தாததில் வியப்பில்லை.

அவரைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் தாங்களே கை வைத்துக்கொண்டு, இந்தச் செய்தியைப் பிறருக்குச் சொல்லாவிட்டால் எனக்குக் கேடு என்ற பொருளில் உறுதி சொல்லச் செய்வார். இதைப் பக்திக் காட்சியாக மட்டும் பார்க்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிறர் உத்தரவுக்குத் தலை குனிந்தே பழகிய ஒருவரிடம், நீ வாங்குகிறவன் மட்டும் அல்ல, உன்னிடமும் கொடுக்க ஒன்று இருக்கிறது என்று சொல்லும் செயல் அது. காணிக்கை பற்றி அவர் தனி நூலே எழுதியதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கூலிக்காரப் பெண்கள் சமைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைத்துச் சபைக்குக் கொண்டுவரும் பழக்கத்தை அவர் விடாமல் வற்புறுத்தினார். ஏழைகளிடம் வாங்குவதா என்று கேட்பவர்கள் உண்டு. ஏழைகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பவரோடு ஏழை நண்பனாக இருக்க முடியாது என்பதை எடின்பரோவில் பேசியவர் மறக்கவில்லை.

அவர் மனைவி அன்பு மரியம்மாளைப் பற்றிப் பெரும்பாலான கட்டுரைகள் ஒரு வாக்கியத்தோடு நகர்ந்துவிடுகின்றன. 1898-ல் எளிமையாக நடந்த திருமணம், கல்லூரிக் கல்வி பெற்ற பெண், அவ்வளவுதான். திருமண்டலத்தில் பெண்கள் நடுவே நடந்த பணியைத் தலைமையேற்று நடத்தியவர் அவர். கைப்பிடி அரிசி பெண்கள் வழியாக வந்தது என்றால், அந்தப் பெண்களிடம் பேசியது யார் என்பதையும் கேட்க வேண்டும்.

இனிக் குறைகள். அசரியா கண்டிப்பானவர். குடி, சாதிவேறுபாடு, பழைய திருவிழாக்களில் பங்கு, ஞாயிற்றுக்கிழமை வேலை எல்லாவற்றிலும் சபை ஒழுங்கை இறுக்கிப் பிடித்தார். நல்ல கிறிஸ்தவர் என்பதற்கு அவர் காட்டிய அடையாளங்களில் குளித்துச் சுத்தமாக இருப்பதும் குடியை விடுவதும் முன்னே நின்றன. ஒயிட்ஹெட்டோடு சேர்ந்து 1930-ல் வெளியிட்ட இந்தியக் கிராமங்களில் கிறிஸ்து என்ற ஆங்கில நூலிலும், தாழ்த்தப்பட்டவர்கள் மாறியதைப் பார்த்து மேல்சாதியாரும் ஈர்க்கப்படுகிறார்கள் என்பது பெரிய சான்றாக வைக்கப்படுகிறது. அது நடந்தது உண்மைதான், மேல்சாதியாரிலிருந்தும் பலர் சபைக்கு வந்தார்கள். ஆனால் மாதிகாவின் மாற்றத்துக்குச் சான்றிதழ் தரும் உரிமையை மேல்சாதியாரின் கண்ணுக்குக் கொடுப்பது என்ன நியாயம்? அந்தக் கண்ணுக்குத் தப்பத்தானே அவர்கள் சபைக்கு வந்தார்கள்? இந்த இடத்தில் அசரியாவின் பார்வை, அவர் எதிர்த்த சீர்திருத்தவாதிகளின் பார்வையிலிருந்து அதிகம் வேறுபடவில்லை.

தோர்னக்கல் பேராலயம் வேறு கதை. கால் நூற்றாண்டு காலம் சிறிது சிறிதாகக் கட்டி, 1939 ஜனவரி 6 அன்று அர்ப்பணிக்கப்பட்ட கட்டடம் அது. கோயில் தூண்களும் மசூதிக் குவிமாடங்களும் மினார்களும் சேர்ந்த தோற்றம். ஆங்கில நாட்டுக் கூம்புக் கோபுரத்தை அப்படியே கொண்டுவந்து நம் ஊர் வெயிலில் நிறுத்திய ஆலயங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது முதலில் ஆலயமாகவே தோன்றாது. நிஜாம் நாட்டில் இந்துக்களும் முஸ்லிம்களும் அண்டை வீட்டாராக இருந்த ஓர் ஊரில், அந்த இருவர் பாணியையும் கடன் வாங்கிக் கட்டியது அலங்காரத்துக்காக மட்டும் அல்ல.

காந்தியும் அசரியாவும்

1935 அக்டோபரில் அம்பேத்கர், தான் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று யேவலாவில் அறிவித்த பிறகு, மதமாற்றம் நாட்டின் பெரிய விவாதமாயிற்று. கூட்டமாக மதம் மாறுவது அறிந்து செய்வதல்ல, பொருளாசைக்கு இடம் தருவது, ஹரிஜனங்களின் விடுதலை இந்து சமயத்துக்குள்ளேயே வர வேண்டும் என்பது காந்தியின் நிலை. 1936-ல் அமெரிக்க மிஷனெரித் தலைவர் ஜான் மாட்டோடு பேசும்போது, பசுவுக்கு நற்செய்தி சொல்வீர்களா என்ற பொருளில் அவர் கேட்டது பலரைப் புண்படுத்தியது. அசரியாவால் இதை ஏற்க முடியவில்லை. மாலாவும் மாதிகாவும் தங்கள் நம்பிக்கையைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் அறிவுடையவர்கள் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கால் நூற்றாண்டு அவர்களோடு இருந்த அனுபவம் அந்த உறுதிக்குப் பின்னால் இருந்தது.

இதை வைத்து அசரியாவை நாட்டுப்பற்று இல்லாதவர் என்று முடிவு கட்டுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வழங்கிய 1932-ன் வகுப்புவாரித் தீர்ப்பை அவர் எதிர்த்தார். அவர் நண்பர் கே.டி. பாலும் அதற்கு முன்பே முதல் வட்டமேசை மாநாட்டில் அதே நிலையை எடுத்திருந்தார். தனித்தொகுதி கிடைத்தால் சபை ஓர் அரசியல் சாதியாக இறுகிவிடும் என்ற அச்சம் அசரியாவுக்கு இருந்தது. பேரளவில் மக்களைச் சபைக்குக் கொண்டுவந்தவர், அந்தத் தலைக்கணக்கை அரசியல் பலமாக மாற்ற மறுத்தார். இதன் விலையைக் கொடுத்தவர்கள் ஏழைக் கிறிஸ்தவர்கள்தானே என்று இன்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் ஆள் சேர்ப்பதே அவர் நோக்கம் என்ற குற்றச்சாட்டு இதற்குப் பிறகு நிற்காது.

திருச்சபை ஒற்றுமையிலும் இதே மனம்தான் வேலை செய்தது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடி ஒன்றுபட்ட சபைக்கு அறிக்கை வெளியிட்டபோது தலைமையில் இருந்தவர்களில் அவர் ஒருவர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர். லண்டனிலும் நியூயார்க்கிலும் தோன்றிய பிரிவுகளைத் தெலுங்குச் சேரிகளில் எதற்குச் சுமக்க வேண்டும் என்பது அவர் எளிய கேள்வி. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் உருவானது. அதைக் காண அவர் இல்லை.

வாழ்க்கை வரலாறுகள்

அசரியா மறைந்த மறு ஆண்டே, 1946-ல், இரண்டு நூல்கள் வந்தன. கரோல் கிரகாம் எழுதியது ஒன்று, ஜே.இசட். ஹாட்ஜ் எழுதியது மற்றொன்று. இருவரும் அவரோடு பழகியவர்கள். துக்கம் ஆறாத காலத்தில் எழுதப்பட்ட நூல்களுக்கு உரிய அன்பும் அவசரமும் அவற்றில் இருக்கும் என்று எதிர்பார்த்தே படிக்க வேண்டும். முழுமையான ஆய்வு வர அரை நூற்றாண்டு ஆயிற்று. சூசன் பில்லிங்டன் ஹார்ப்பரின் ஆங்கில நூல் 2000-ல் வெளியானது. ஆவணங்களைத் தோண்டி எழுதப்பட்ட நூல், அசரியாவைப் படிக்க இன்றும் இன்றியமையாதது. அதன் தலைப்பு அவரை மகாத்மாவின் நிழலில் நிறுத்துகிறது. அத்தலைப்போடு எனக்கு உடன்பாடு இல்லை. காந்தியின் புகழுக்கு முன் அவர் மறைந்துபோனார் என்பது உலக வாசகருக்குப் புரிகிற விளக்கம். தமிழ்நாட்டில் அவர் மறைந்ததற்குக் காரணம் வேறு: அவர் தமிழில் பெரிதாக எழுதவில்லை, தமிழர் நடுவே பேராயராக இருக்கவில்லை, கால்டுவெல்லும் போப்பும் தமிழுக்குச் செய்ததைப் போல ஒன்றைக் காட்டிப் பெருமைப்பட அவர் நமக்கு எதுவும் விட்டுவைக்கவில்லை. அவர் உழைத்தது வேறு மொழிக்கும் வேறு மக்களுக்கும். நம் புத்தக அலமாரியில் இடமில்லாதவருக்கு ஒரு ‘முதல்’ பட்டத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

அவரைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்கள் எடின்பரோ உரையைக் கடைசியில் படிப்பது நல்லது. முதலில் 1930-ன் கிராம நூலைப் படிக்கலாம். அடுத்து ஹார்ப்பரின் நூலில் தோர்னக்கல் பற்றிய இயல்களைப் படிக்கலாம். பிறகு உரைக்கு வந்தால், நாற்காலியைப் பற்றி அவர் சொன்ன இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள் என்பது முன்பு படித்ததைவிட வேறாகத் தெரியும்.